சிற்றாலய மேட்டுக்கு வழி

“மன்னிக்கவும், இந்த வழியாகப் போக இயலாது. நன்றி.”

பூட்டிய கதவில் இப்படி ஒரு பலகை தொங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அடிக்கிறவன் அடித்துவிட்டு ‘மன்னிக்கவும்’ என்றும் சொல்லிவிட்டால் அழக்கூட வழியில்லாமல் போகிறது. பென்னர்ஸ்டோக்கில் இரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது அந்தப் பலகை. அதைக் கடக்கும்போதெல்லாம் தெல்மா பிரிண்டில் அதற்கு ஒரு முறைப்பு முறைத்துவிட்டுத்தான் போவாள்.

தெல்மா அந்த ஊருக்கு முப்பத்தொரு வருஷம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவள். வேலையில் இருந்த காலத்திலிருந்தே ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்குச் செயலாளர்; ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே. சங்கத்தில் பதினாலு பேர்; அதில் ஒன்பது பேர் பிஸ்கட்டுக்காக வருகிறவர்கள் என்று அவளே சொல்லுவாள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணினவர்களை ராத்தங்க வைத்த கல் கொட்டடி, கொள்ளைநோய்க் காலத்தில் வெளியூர்க்காரர்கள் ரொட்டியை வைத்துவிட்டு ஓடிய குழிக்கல், ஆடு குளிப்பாட்டிய ஓடை என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் மேடேறினால் சிற்றாலயம் வரும். கூரை போய் நாலு சுவர் மட்டும் நிற்கிற, எண்ணூறு வருஷத்துக் கட்டடம். தெற்குச் சுவரில் எவனோ ஒரு பாதிரி ஆணியால் கீறிவைத்த வெயில் கடிகாரம் இன்னும் சரியாக மணி காட்டும். அங்கேயிருந்து பார்த்தால் கடல் ஒரு கோடாகத் தெரியும். அதைப் பார்க்காமல் திரும்பினால் மற்றதெல்லாம் உப்பில்லாப் பண்டம்.

அந்த மேட்டுக்குப் போகிற ஒரே பாதை டாரன்ட் பண்ணை வழியாகப் போகிறது. பழைய சொந்தக்காரர் மேஜர் டாரன்ட் இருந்தவரை கதவுக்குப் பூட்டே கிடையாது. அவர் செத்து, வாரிசு இல்லாத சொத்து விலைக்குப் போய், லண்டனிலிருந்து ஜூலியன் ப்ரௌஸ் என்று ஒருவர் வாங்கினார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. கல்யாணக் கூடாரம் போட்டு வாடகைக்கு விட வேண்டும், நடுவில் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற கூட்டம் நடமாடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. பூட்டைப் போட்டார், பலகையை மாட்டினார்.

தெல்மா சும்மா இருப்பாளா? வீடு வீடாக ஏறி இறங்கி, இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பாதையில் நடந்த அறுபத்தெட்டுப் பேரிடம் படிவத்தில் எழுதி வாங்கினாள்; தானும் ஒன்று எழுதினாள். அந்நாட்டுச் சட்டம் அப்படி: இருபது வருஷம் ஊர்க்காரர்கள் ஒளியாமல், முட்டி மோதாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு வழியில் நடந்திருந்தால் அது ஊருக்குச் சொந்தமான வழி. மாவட்டத்தை நிர்வகிக்கும் கவுண்டிக் கவுன்சிலும் பாதையை வரைபடத்தில் சேர்க்கிறோம் என்று உத்தரவு போட்டது. ப்ரௌஸ் ஆட்சேபித்தார். ஆகவே மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஊர்க் கூடத்தில் விசாரணை. அதில் தோற்றால் பாதை போனது போனதுதான்.

அரசாங்கம் அனுப்பிய விசாரணை அதிகாரி மிஸ் டால்பி. எந்தப் பக்கத்தாரிடமும் ஒரு வாய் தேநீர்கூட வாங்கிக் குடிக்காமல், பிளாஸ்க்கில் தானே கொண்டுவந்ததைக் குடிக்கிற ரகம். ப்ரௌஸுக்காக வந்த வக்கீலின் பெயர் ஃபேன்ஷா. அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு இனிமை; எங்கே குத்தினார் என்பது வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியும்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஏழெட்டுப் பேர் சாட்சி சொன்னார்கள். பிறகு தெல்மா போய் உட்கார்ந்தாள்.

“மிஸஸ் பிரிண்டில், உங்க படிவத்துல ஒரு கேள்வி. ‘எப்பவாவது அனுமதி கேட்டீங்களா?’ நீங்க ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க, சரிதானே?” என்றார் ஃபேன்ஷா.

“சரிதான். கேட்டதே இல்ல.”

“நல்லது. இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

ஒரு கட்டு நகல்களை அவள் முன்னால் வைத்தார். மேல் தாளைப் பார்த்ததுமே தெல்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் மே மாதம், விளைச்சலுக்காக வேண்டிக்கொள்கிற ரொகேஷன் ஞாயிற்றுக்கிழமை, பென்னர்ஸ்டோக்காரர்கள் ஊர் எல்லை அடிக்கக் கிளம்புவார்கள். ஆளுக்கொரு வில்லோ மரக் கம்பை எடுத்துக்கொண்டு, பாதிரியார் முன்னால் போக, எல்லைக்கல் ஒவ்வொன்றையும் நாலு சாத்துச் சாத்தி, “குறி! குறி! குறி!” என்று கத்திவிட்டு வருவது. வரைபடம் இல்லாத காலத்தில் எல்லை மறந்துபோகக் கூடாதென்று தொடங்கியது. கடைசிக் கல் சிற்றாலயத்துச் சுவரோரம் இருக்கிறது. முப்பது நாற்பது பேர் கம்பும் கையுமாக ஒருத்தர் நிலத்தில் நுழையும்போது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்? ஆகவே சங்கத்துச் செயலாளர் தெல்மா ஒவ்வொரு ஏப்ரலிலும் மேஜருக்கு ஒரு கடிதம் எழுதுவாள். “அன்புள்ள மேஜர் டாரன்ட், வழக்கம்போல் தங்கள் நிலத்தின் வழியே செல்லத் தாங்கள் அன்புகூர்ந்து அனுமதிப்பீர்கள் என நம்புகிறோம்.” எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டு, மறுநாள் தானே பையில் எடுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டு வருவாள். அப்படி இருபத்திரண்டு கடிதம்.

“இருபத்திரண்டு வருஷம், இருபத்திரண்டு கடிதம். அனுமதி, அனுமதி, அனுமதி. மேடம், இது அனுமதி கேக்கறது இல்லாம வேற என்ன?” என்று ஃபேன்ஷா மெல்லக் கேட்டார்.

“அது… அது சும்மா ஒரு மரியாதைக்கு எழுதறது.”

“அப்போ படிவத்துல ‘இல்லை’ன்னு எழுதினது?”

கூடத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பொய் சொன்னவள் என்று அறுபத்தெட்டுப் பேர் முன்னால் பேர் வாங்கியாயிற்று. அதைவிட, நுணலும் தன் வாயால் கெடும் என்பதுபோல் ஊர்ப் பாதையைத் தன் கையாலேயே எழுதிக் கெடுத்தாயிற்று. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். மிஸ் டால்பி பேனாவை மூடி, ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை என்று அறிவித்தார்.

தெல்மா யார் கண்ணிலும் படாமல் வெளியே போய்க் கல் கொட்டடியின் வாசற்படியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே கிளைவ் வந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சங்கத்தில் அவளுக்கு வலது கை, வம்பு பேச இடது கை.

“இடம் பார்த்து உட்கார்ந்திருக்க போ. உள்ள தள்ளிப் பூட்டிடட்டுமா?” என்றான் சாண்ட்விச்சை நீட்டியபடி.

“பூட்டுடா. சாவியைக் கிணத்துல போடு.”

“அட சாப்பிடு மொதல்ல.”

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன் கிளைவ். தபால்தலைகூட என் காசு.”

“நாம யாருதான் கேக்காம போவோம் சொல்லு? என் மாமியார் வீட்டு நாற்காலியில உட்காரவே நான் பன்னெண்டு வருஷம் அனுமதி கேட்டேன். நம்ம பொழப்பே அப்படி. ஒருத்தன் நம்ம காலை மிதிச்சாலும் நாமதானே மன்னிப்புக் கேக்கறோம்!”

தெல்மா சிரிக்கவில்லை. மடியில் கிடந்த நகல்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தாளில் கை நின்றது. முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். எழுந்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“என்ன?” என்றான் கிளைவ்.

“இங்க பாரு. என் வரிகளுக்கு நடுவுல சாம்பல் நிறத்துல ஏதோ ஓடுது, தெரியுதா?”

“அழுக்கு.”

“அழுக்கு இடமிருந்து வலமா வரிசை பிடிச்சு ஓடுமா? இதுவும் பார், இதுவும் பார். எல்லாத் தாள்லயும் இருக்கு. பின்பக்கத்துல யாரோ மையில அழுத்தி எழுதியிருக்காங்கடா. நகல் எடுத்தவங்க முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்காங்க.”

முப்பது வருஷமாகக் ஊர்த் தேவாலயத்துப் பெட்டியிலுள்ள பழைய தாள்களோடு மல்லுக்கட்டியவள். எந்தத் தாளாக இருந்தாலும் முதலில் திருப்பிப் பார், முன்பக்கத்தில் ஊருக்குச் சொல்வது இருக்கும், பின்பக்கத்தில்தான் உள்ளது இருக்கும் என்று சங்கத்தில் வாய் ஓயாமல் சொல்லுகிறவள். கண்ணாடியில் காட்டியது போல இடவலம் மாறித் தெரிந்த அந்தக் கிறுக்கலில் ஒரு சொல்கூட அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் வளைவு தெரிந்தது. அது மேஜரின் கை; அவர் வீட்டுத் தபாலை அத்தனை வருஷம் சுமந்தவளுக்குத் தெரியாதா?

“அசலைக் கேக்கப் போறேன்” என்றாள்.

கிளைவ் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். “இரு இரு. உக்காரு. அந்த ஆள் உனக்கு எப்பவாவது பதில் போட்டாரா?”

“ஒரு தடவைகூட இல்ல.”

“அப்போ நீ கேட்டதுக்குத்தான் சாட்சி இருக்கு, அவர் குடுத்ததுக்கு இல்ல. கவுன்சில் சார்பா வந்திருக்கற பொண்ணு இப்பத்தான் என்கிட்ட சொன்னா, அதை வெச்சே ஒருவேளை தப்பிச்சிடலாமாம். பின்னால ‘சரி, போகட்டும்’னு ஒரு வரி எழுதியிருந்தா என்ன பண்ணுவ? கதை முடிஞ்சுது. தூங்கற நாயை எதுக்கு எழுப்பற?”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. தெல்மா கடிதக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். ஓக் மரங்களுக்கு மேலே சிற்றாலயத்தின் உடைந்த சுவர் ஒரு பல்லைப்போல் நீட்டிக்கொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது அவளுக்கு.

“கிளைவ், ஊருக்கெல்லாம் நான் என்ன சொல்லிக்கிட்டு திரியறேன்? உள்ளதை உள்ளபடி தெரிஞ்சுக்கணும்னுதானே? எனக்கு வேணும்ங்கற தாளை மட்டும் படிச்சுட்டு, வேண்டாங்கறதைத் திருப்பாம விட்டா, நான் வரலாற்றுச் சங்கமா, வம்புச் சங்கமா? அவர் அனுமதின்னு எழுதியிருந்தா, அது அனுமதிதான். தோத்துட்டுப் போறேன்.” அவள் குரல் தாழ்ந்துவிட்டது. தெல்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். தாழ்ந்துவிட்டால் பிறகு அவளை வண்டிக் குதிரையாலும் இழுக்க முடியாது.

“பிடிவாதக்காரி. வா போவோம். தோத்தா சேர்ந்தே தோப்போம்” என்றான் கிளைவ்.

இடைவேளை முடிந்ததும் தெல்மா எழுந்து நின்றாள். “மிஸ் டால்பி, இந்தக் கடிதங்களோட பின்பக்கத்தைப் பார்க்கணும். ஏதோ எழுதியிருக்கு. என்னன்னு எனக்குத் தெரியாது. எங்களுக்கு நல்லதோ கெட்டதோ, அதையும் சேர்த்துப் படிச்சுட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க.”

ஃபேன்ஷா எழுந்தார். “கடிதத்தோட வாசகம் தெளிவா இருக்கு. அசல் தேவையில்லைன்னு…”

“அசல் எங்க இருக்கு?” என்றார் மிஸ் டால்பி.

பதில் சொன்னது ப்ரௌஸ். “என் வீட்டு அலுவலக அறையில, மேஜர் விட்டுட்டுப் போன ஒரு தகரப் பெட்டியில. பத்து நிமிஷத்துல கொண்டுவந்துடுவேன்.” வக்கீல் அவர் கையை இழுத்தார். ப்ரௌஸ் கவனிக்கவில்லை, அவருக்கும் என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆவல் வந்துவிட்டிருந்தது.

அந்தப் பத்து நிமிஷம் தெல்மாவுக்குப் பத்து வருஷம். பெட்டி வந்தது. மிஸ் டால்பி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் கடிதத்தைத் திருப்பினார். மௌனமாக ஒருமுறை படித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“‘ஏப்ரல் 1994. தபால்கார அம்மாள் எல்லை அடிக்க அனுமதி கேட்கிறாள். விசித்திரம். அந்தப் பாதை ஊருடையது. என் தாத்தா 1911இல் அதை வேலி போட்டு அடைத்து, நீதிமன்றத்தில் தலைகுனிந்து, தன் கையாலேயே வேலியைப் பிடுங்கிப்போட்டவர். என்னுடையது அல்லாததை நான் எப்படிக் கொடுப்பது? ஆனால் இதைச் சொன்னால் பாவம், கூச்சப்படுவாள். பதில் வேண்டாம்.’”

தெல்மா முன்நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ் டால்பி அடுத்ததைத் திருப்பினார். “‘மறுபடியும். பதில் வேண்டாம்.’” அதற்கடுத்தது: “‘மறுபடியும். கையெழுத்து அழகு.’”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“‘2003. இந்தத் தடவை சொல்லிவிடுவதென்று அவள் தபால் கொண்டுவரும்போது கதவுவரை போனேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.’”

அடி சக்கை! கூடமே சிரித்தது. தெல்மாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. மேஜர் வாசலில் நின்று, தொண்டையைக் கனைத்து, “நல்ல மழை” என்றார். அவளும் “ஆமாம், நல்ல மழை” என்றாள். அதற்குமேல் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

“‘2007. பாதையோரப் புதரை வெட்டச் சொல்லியாயிற்று. ஊர் வழியை டாரன்ட் குடும்பம் இரண்டாம் தரம் மறித்தது என்று பேர் வரக் கூடாது.’” மிஸ் டால்பி கடைசிக் கடிதத்துக்கு வந்தார். “‘2015. இருபத்திரண்டாவது. இந்தப் பெண்மணி என்னைவிட மரியாதைக்காரி. அல்லது என்னைவிட முட்டாள். இரண்டுமேகூட இருக்கலாம்.’”

தெல்மா சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்திலிருந்த கிளைவாலேயே சொல்ல முடியவில்லை. அவள் கேட்கத் தேவையில்லாததை இருபத்திரண்டு வருஷம் கேட்டாள். அவர் ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியதை இருபத்திரண்டு வருஷம் சொல்லாமல் செத்தார். இருவருக்கும் மரியாதை! உலகத்தில் வேறெந்த ஊரிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா?

“இவை தனிப்பட்ட குறிப்புகள்…” என்று ஃபேன்ஷா ஆரம்பித்தார்.

“நில உரிமையாளர் தன் கையால எழுதின குறிப்புகள். தேதியோட” என்றார் மிஸ் டால்பி. “குறிச்சுக்கிட்டேன்.” குறித்துக்கொண்டதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார் என்று கிளைவ் பிற்பாடு சத்தியம் பண்ணினான்.

ப்ரௌஸ் மட்டும் அந்த 2003ஆம் வருஷத்துத் தாளை வாங்கி இன்னொருமுறை படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டுத் தெல்மாவைப் பார்த்தார்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. புதிய தபால்காரன் அந்த உறையைக் கதவிடுக்கில் போடாமல், தெல்மாவின் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றான். அவள் பிரித்துப் படித்தாள். பாதை ஊருக்குச் சொந்தம். உத்தரவு உறுதி செய்யப்பட்டது. வரைபடத்தில் பதினேழாம் எண். தெல்மா, எழுபத்திரண்டு வயசுத் தெல்மா, செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ஓடினாள். “ஜெயிச்சுட்டோம்! கிளைவ்! ஏய் கிளைவ், ஜெயிச்சுட்டோம்டா!” அவள் குரல் அப்படி உயர்ந்ததை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. மணியடிக்கிற ஆட்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கொண்டு கோபுரத்துக்கு ஓடினார்கள். அங்கே தொங்குகிற ஆறு மணிகளும் ஒன்றரை மணி நேரம் முழங்கின. பக்கத்து ஊர்க்காரர்கள் அரண்மனையில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அந்த வருஷம் ரொகேஷன் ஞாயிறுக்கு முப்பது நாற்பது பேர் வரவில்லை. இருநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். வில்லோக் கம்பு போதாமல் பாதிபேர் அவரைக்கொடிக்கு நட்ட குச்சியையும் துடைப்பக் கட்டையையும் எடுத்து வந்திருந்தார்கள். குழிக்கல்லை அடித்தார்கள், ஓடைக்கல்லை அடித்தார்கள். தெல்மா முன்னால் நடந்தாள். பண்ணைக் கதவுக்கு வந்தபோது பூட்டும் இல்லை, பலகையும் இல்லை. கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, நாயோடு ப்ரௌஸ் நின்றுகொண்டிருந்தார்.

ஊர்வலம் நின்றது. வழக்கம் யாரை விட்டது? பாதிரியார் வாயில் ‘தங்கள் அனுமதியோடு’ வந்துவிடும் போலிருந்தது; கிளைவ் அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தான்.

“மிஸஸ் பிரிண்டில், ஏப்ரல் முழுக்கத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். இந்த வருஷம் எனக்கு ஒரு கடிதமும் வரலையே?” என்றார் ப்ரௌஸ்.

“வராது, மிஸ்டர் ப்ரௌஸ். இனிமே எந்த வருஷமும் வராது” என்றாள் தெல்மா.

சொல்லிவிட்டுக் கையில் உபரியாக வைத்திருந்த கம்பு ஒன்றை அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். தெல்மா நன்றி சொல்லவில்லை. கதவைத் தாண்டி, ஊர் வழியில், ஊர் பின்னால் வர, நிமிர்ந்து மேடேறினாள்.